இரண்டு பக்கமும் கேட்கணும்

போன வாரம் வாலுவைச் சமையலறைத் தரையில் விட்டுவிட்டு வந்தோம். ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இனிமேல் கணக்கு சாரிடம் டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று சித்தியிடம் சொன்னாள். சித்தி கேலி செய்யவில்லை, அதட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டாள். எல்லாரும் போன பிறகு தன்னை மட்டும் நிறுத்தி வைப்பார், கதவைச் சாத்துவார், தொடக் கூடாத விதத்தில் தொடுவார், ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது என்று வாலு சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

வாலு என்பது பட்டப்பெயர். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒன்பது பேரைச் சிரிக்க வைத்துப் பத்தாவது ஆளை அழ வைக்கிற பெண். பதினைந்து வயசு. அந்த வாயாடி ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை என்பதை வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். பெண் பெரியவளாகிறாள், அடக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷமும் பட்டார்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

சித்தி தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா, அதாவது வாலுவின் அம்மா, புருஷனிடம் சொன்னாள். நேராகப் போலீஸுக்குப் போவோம் என்று சித்தி குதித்தாள். அப்பா குதிக்கவில்லை, கத்தவில்லை.

"நாலு நாள் என்கிட்ட விடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் சுவர்த் தகராறு, மாமனாரின் பென்ஷன், ஏன், சித்தியின் விவாகரத்துகூட அவர் பேசி முடித்ததுதான். வக்கீல் யாரையாவது பார்க்கப் போகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். சித்திக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அக்கா புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

இன்று அந்த நாலாவது நாள்.

*

அப்பாவுக்கு பஸ் டிப்போவில் வேலை. டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்று பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வையாளர். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சமாதானம்" என்றுதான் பெயர். "சமாதானம் இன்னிக்கு லீவா?" என்று மேலதிகாரியே கேட்பார்.

பெயர் சும்மா வரவில்லை. டிப்போவில் யாரோடு யார் முட்டிக்கொண்டாலும் மேலே புகார் போகாது. சமாதானத்தின் அறைக்குத்தான் போகும். அங்கே இரண்டு நாற்காலிகளை முழங்கால் முட்டுகிற தூரத்தில் எதிரும் புதிருமாகப் போடுவார். இரண்டு பேர் கையிலும் சூடாக டீயைக் கொடுப்பார். கையில் கொதிக்கிற டம்ளர் இருக்கிறவன் கை நீட்ட மாட்டான் என்பது அவர் அனுபவம். தன் போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைப்பார். ஒருத்தர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ள வேண்டும். கை கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் அந்த விஷயத்தை ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது.

இன்று காலையிலும் ஒரு டிரைவரும் ஒரு மெக்கானிக்கும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பிரேக் சரியில்லை என்று எத்தனை தடவை சொல்வது என்றான் டிரைவர். உனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்றான் மெக்கானிக். டீ ஆறுவதற்குள் இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டு, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டு வெளியே போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

நேற்று சாயந்திரமே அவர் கணக்கு சாருக்குப் போன் செய்துவிட்டார். இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறது சார், நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள், நேருக்கு நேர் பேசிக்கொள்ளலாம் என்றார். சார் மெதுவாக, நாளைக்கே வருகிறேன் அண்ணே என்றார். மடியில் கனமில்லாதவன்தானே இப்படி உடனே வருவேன் என்பான் என்று அப்பாவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மகளை நம்புகிறீர்களா என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால் நம்புகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யில்லை. சாரையும் நம்பினார் என்பதுதான் கோளாறு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்த ரகம். டிப்போவில் அது நல்ல குணம் என்று பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. ரத்தம் தேவைப்பட்டபோது சொந்தக்காரர்கள் போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் டியூஷன் நடத்துகிற கணக்கு சார்தான் ஓடி வந்து கையை நீட்டினார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் வெறும் வாத்தியார் இல்லை.

*

அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். ஒரு மேசை, கை நீட்டி வைக்க ஒரு மெத்தைக் கட்டை, சுவரில் குளிர்ந்த வெள்ளை விளக்கு. ஊசிக்குப் பயந்தவர்களைப் பேச்சில் இழுத்துக்கொண்டே எடுத்துவிடுவாள். நாலு நாளாகப் பேச்சு வரவில்லை. தலையைக் குனிந்து ஊசியைக் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை பார்க்க வந்த பெண்மணி தெரிந்தவள். அவள் மகளும் அதே கணக்கு சாரிடம் படிக்கிறாள். அம்மா அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேங்க்கா" என்றாள் அந்தப் பெண்மணி. குரலில் அப்படி ஒரு கனிவு. "மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

அம்மா நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று தலையைத் தூக்காமல் கேட்டாள்.

அந்தப் பெண்மணி சொல்லக் கூடாது சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நேற்று ராத்திரி சார் நாலைந்து பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினாராம். ஒரு பெண் போனில் எவனோடோ பேசிக்கொண்டிருந்ததைப் பிடித்துக் கண்டித்தாராம். அந்தக் கோபத்தில் அவள் தன்னைப் பற்றிக் கண்டபடி கதை கட்டப் பார்க்கிறாள் என்று சொல்லிக் கண் கலங்கினாராம்.

"பேரைச் சொல்லலைங்க்கா. அவ்வளவு பெரிய மனசு. ஆனா இந்த வாரம் வராதது உங்க பொண்ணு ஒருத்திதானே."

வாலு சொன்னது உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். வாலு சொல்லியிருக்க மாட்டாள். சித்தி செத்தாலும் சொல்ல மாட்டாள். தான் சொல்லவில்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள்.

ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். குழாயில் பெயர் எழுதி ஒட்டினாள். இன்றைக்கு உங்கள் பெண் டியூஷனுக்குப் போயிருக்கிறாளா என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றாள் அந்தப் பெண்மணி. சார் இன்றைக்கு லீவு விட்டுவிட்டாராம். யார் வீட்டுக்கோ போக வேண்டியிருக்கிறதாம்.

அம்மா அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. பின்பக்க அறைக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் போனை எப்போது அணைப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போட்டாள். வாலு எடுத்தாள்.

"அப்பா சீக்கிரமே வந்துட்டாரும்மா" என்றாள். "ஹால்ல நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு இருக்கார். டீ வேற போட்டாச்சு. யாரோ வராங்களாம், நல்ல டிரஸ் போட்டுக்கச் சொன்னார்."

"யாருன்னு சொன்னாரா?"

"கேட்டேன். நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாதேன்னார். நான் எதுக்கும்மா பயப்படணும்?"

"வாலு, நான் சொல்றதைக் கேளு. உன் ரூமுக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. நான் வர்ற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திறக்காதே."

"இரும்மா, பெல் அடிக்குது. திறந்துட்டு வரேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா மகளின் பெயரைக் கத்திக் கூப்பிட்டது பரிசோதனை நிலையம் முழுக்கக் கேட்டது. வீட்டு ஹாலில் கேட்கவில்லை.

*

கணக்கு சாரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. ஒல்லியான ஆள். மடிப்புக் கலையாத சட்டை, மூக்குக் கண்ணாடி, குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். கையில் ஒரு பை ஆப்பிள் வைத்திருந்தார்.

"என்னம்மா வாலு, சாரை மறந்தே போயிட்டியா" என்றார் வாசலில் நின்று.

வாலு கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. சாத்தலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல், வாங்க சார், உள்ள வாங்க என்றது. அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கதவை விட்டுவிட்டாள்.

ஹாலில் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டு எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்றில் சாரை உட்காரச் சொன்னார். இன்னொன்றில் வாலுவை. தான் ஒரு முக்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் கையிலும் டீ கொடுத்தார். வாலுவின் டம்ளரிலிருந்து டீ தளும்பி விரலில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். இங்கே யாரும் குற்றவாளி இல்லை என்று ஆரம்பித்தார். ஒரு பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் கேட்கணும், அதுதான் நியாயம் என்றார். டிப்போவில் சொல்கிற அதே வாக்கியம். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நீ உன் சித்திகிட்ட என்ன சொன்னியோ அதை சார் முன்னாடி சொல்லும்மா. பயப்படாம சொல்லு. நான் இருக்கேன்ல."

ஐயோ மனுஷா என்று எனக்கே அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. அந்தப் பெண் எதிரில் இருக்கிற முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் முழங்காலில் பட்டுவிடக் கூடாது என்று நாற்காலியோடு பின்னால் நகர முடியுமா என்று பார்த்தாள். சுவர் இடித்தது. சமையலறைத் தரையில் அருவியாகக் கொட்டின வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

அப்பா காத்திருந்தார். டிப்போவில் இப்படி வாயடைத்துப் போகிறவன்தான் வழக்கமாகத் தப்பு செய்தவனாக இருப்பான். அந்தப் பழக்கம் அவர் மூளையில் எங்கோ ஊறிப் போயிருந்தது. மகளின் மௌனத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கணக்கு சார் அதைக் கவனித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

குழந்தையைத் துருவாதீர்கள் அண்ணே என்றார். இந்த வயசில் மனசு ஒரு நிலையில் இருக்காது, பரீட்சை பயம், படிப்புச் சுமை, முதுகில் தட்டிக் கொடுத்தால்கூடத் தப்பாகத் தோன்றும் என்றார். தனக்கும் வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது என்றார். தன் ரத்தம் அண்ணன் உடம்பில் ஓடுகிறது, அப்படியென்றால் இவளும் தன் பிள்ளைதானே என்றார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் உன் மனசு புண்பட்டிருந்தா சார் மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா. உன் முன்னாடி, அப்பா முன்னாடி. போதுமா?"

அப்பாவுக்கு அப்பாடா என்று இருந்தது. எனக்கு எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. இவ்வளவு பெரிய மனுஷன் ஒரு சின்னப் பெண்ணிடம் மன்னிப்பே கேட்டுவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பழக்கதோஷம் மிச்சத்தைச் செய்தது.

"சரி, ரெண்டு பேரும் கை குடுத்துக்கங்க" என்றார்.

சார் கையை நீட்டினார். வாலு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். டம்ளர் உருண்டு டீ தரையில் ஓடியது. கை கொடுக்கத் தயங்குகிறவன் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுப்பது அப்பாவின் வழக்கம். யோசிக்காமலே அவர் கை மகளின் மணிக்கட்டுக்குப் போனது.

"தொடாதீங்க" என்றாள் வாலு.

சாரிடம் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இதே வார்த்தையை இதே குரலில் ஆறு மாதமாக எங்கே சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்தார். சாரின் கை மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"கையைக் கீழ போடுங்க."

அம்மா வாசலில் நின்றிருந்தாள். வேலைக்கு மாட்டுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்ஸி பிடித்து வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. நேராக வந்து, மகள் நாற்காலிக்கும் அந்த ஆள் நாற்காலிக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

சார் எழுந்தார். அண்ணி, எல்லாம் பேசி முடிந்துவிட்டது, அண்ணனே சாட்சி என்றார். தான் செய்த உபகாரத்தை மறுபடியும் எடுத்தார். ரத்தம் என்ற வார்த்தை வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கு உங்க கையில ஊசி குத்தி அந்த ரத்தத்தை எடுத்தது நான்தான். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினேன். அதுக்கு ஆயுசு முழுக்க உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன். என் பொண்ணை எடுத்துக்கன்னு சொல்லலை. வெளிய போங்க. நாங்க போலீஸுக்குப் போறோம்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இத்தனை நேரம் இருந்த குரல் போய் வேறு ஒரு குரல் வந்தது. அதுவும் மெதுவாகத்தான் இருந்தது. அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணிக்குக் கோபம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கண்ணே. போலீஸ்னு போனா என்னை மட்டும் கேட்க மாட்டாங்க. அந்தக் கண்டக்டர் பொண்ணு விஷயத்துல நடுவுல உக்காந்து முடிச்சு வெச்சது யாருன்னும் கேட்பாங்க."

நுணலும் தன் வாயால் கெடும். மிரட்டுவதாக நினைத்து அந்த ஆள் தன் குட்டைத் தானே உடைத்தார். ஆனால் உடைந்தது அவர் குட்டு மட்டும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆப்பிள் பையை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

*

அம்மா முதலில் சித்திக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னாள். பிறகு கதவைத் தாழிட்டாள். அதற்கப்புறம்தான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கண்டக்டர்?"

அப்பா முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பதில் விட்டு விட்டுத்தான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிப்போவில் ஒரு கண்டக்டர் இருந்தான். கொஞ்சம் முரடன், எல்லாரோடும் சண்டை. அவன் மகளும் அதே டியூஷனில் படித்தாள். ஒருநாள் அவன் சார் வீட்டு வாசலில் நின்று தாறுமாறாகக் கத்தினான். தன் பெண்ணிடம் அந்த ஆள் தப்பாக நடந்துகொண்டான் என்றான். மறுநாள் சாரே டிப்போவுக்கு வந்தார். வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஒரு அடி அடித்தேன், அதற்கு இப்படி ஒரு பழியா அண்ணே என்றார். தனக்கு ரத்தம் கொடுத்த மனிதர் ஒரு பக்கம், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவன் மறுபக்கம். அப்பா நாற்காலிகளை எடுத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார்.

பேசி முடித்த பிறகு கண்டக்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதானே சட்டம். கொஞ்ச நாளில் வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"அதுக்கு அடுத்த மாசம்தானே இவளை அங்க சேர்த்தீங்க" என்றாள் அம்மா.

அவர் தலையை ஆட்டினார். கண்டக்டர் போன பிறகும் டிப்போவில் முணுமுணுப்பு நிற்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்காகத்தான் சேர்த்தாராம். என் பெண்ணையே அவரிடம் அனுப்புகிறேன், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நாலு பேர் நடுவில் சொன்னாராம். அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்களாம்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. இந்த நாலு நாளில் அந்தக் கண்டக்டர் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லையா என்று கேட்டாள். தினமும் வந்தது என்றார். அது வேறு, இது வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம். இன்றைக்கு சார் இதையும் இல்லையென்று சொல்லிவிட்டால் அதுவும் இல்லையென்று ஆகிவிடும் என்று நினைத்தாராம்.

வாலு கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். சிவந்து, நாற்காலிப் பின்னலின் தடம் பதிந்திருந்தது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எத்தனாவது படிச்சா?"

"ஏழாவதோ எட்டாவதோ."

"அவளையும் கூப்பிட்டீங்களாப்பா? டிப்போவுக்கு?"

அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"எதிர்ல உக்கார வெச்சீங்களா?" என்றாள் வாலு.

"ரெண்டு பக்கமும்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

"அவ கை குடுத்தாளா?"

"குடுத்தாம்மா" என்றார் அப்பா. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "மாட்டேன்னுதான் அழுதா. நான்தான் அவ கையைப் பிடிச்சு நீட்டினேன்."

வெளியே சித்தியின் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வாலு எழுந்தாள். தரையில் கிடந்த டீயைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கிளம்பலாமா என்று அம்மா கேட்டாள். இரு என்று கையைக் காட்டிவிட்டு அப்பா முன்னால் வந்து நின்றாள். ஆறு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

"அவ வீடு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று தலையாட்டினார்.

"கண்டுபிடிங்க" என்றாள் வாலு.